என் பெயரில் கடன் கொடுக்குமுன் என்னைக் கேளுங்கள்: ரிசர்வ் வங்கிக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: ஆளுநர் அவர்கள், இந்திய ரிசர்வ் வங்கி, மும்பை.
பார்வைக்கு: ரிசர்வ் வங்கியின் ஒழுங்குமுறைத் துறை, நாட்டின் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள்.

மதிப்பிற்குரிய ஆளுநர் அவர்களுக்கு,

நான் வாங்காத ஒரு கடனை நான் வாங்கியதாகவே கொள்ளவேண்டும் என்று ஒரு நிதி நிறுவனம் எனக்கு எழுத்தில் தெரிவித்திருக்கிறது. உரிய சரிபார்ப்புக்குப் பின்னரே கடன் வழங்கப்பட்டது, ஆகவே புகார் முடித்துவைக்கப்படுகிறது என்பதே அந்தப் பதிலின் சாரம். என்ன சரிபார்ப்பு, யாரைச் சரிபார்த்தார்கள், பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்ற கேள்விகளில் ஒன்றுக்கும் அதில் விடை இல்லை. கடைசியில் ஓர் அறிவுரை மட்டும் இருந்தது: என் பான் எண்ணையும் ஆதார் எண்ணையும் யாரிடமும் பகிராமல் இனியாவது நான் கவனமாக இருக்கவேண்டுமாம். இதற்கான மறுப்பை அந்த நிறுவனத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. அவர்கள் அப்படி ஒரு பதிலை எழுதிவிட்டு நிம்மதியாக இருக்க முடிவது, அதைத் தடுக்கும் விதி எதையும் நீங்கள் இன்னும் வகுக்கவில்லை என்பதால்தான்.

தென்மாவட்ட நகரம் ஒன்றில் காகிதமும் பள்ளி நோட்டுப் புத்தகங்களும் விற்கும் கடையை நடத்துகிறேன். கடை என் ஒருவரின் பெயரில் இருப்பதால் கடையின் பான் எண்ணும் என் பான் எண்ணும் ஒன்றே. ஜிஎஸ்டி விதிகளில் 18ஆம் விதியின்படி, பதிவுச் சான்றிதழை வருகிறவர் கண்ணில் படும் இடத்தில் மாட்டவேண்டும். ஜிஎஸ்டி எண்ணை வாசலிலுள்ள பெயர்ப்பலகையில் எழுதவேண்டும். 15 இடங்கள் கொண்ட அந்த எண்ணில் முதல் இரண்டு இடங்கள் மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அதையடுத்து வரும் பத்து இடங்கள் அப்படியே என் பான் எண். பலகையோடு அது நிற்பதில்லை. நான் போடும் ஒவ்வொரு ஜிஎஸ்டி பில்லிலும் அது அச்சாகிறது. ஒரு டஜன் பேனா வாங்கிப் பில் கேட்பவரின் கையோடும் அது போகிறது. எனக்குச் சரக்கு அனுப்பும் சிவகாசி ஆலைகளிடமும், சரக்கை ஏற்றி இறக்கும் லாரி அலுவலகங்களிடமும், கணக்கு எழுதுபவரிடமும் அது இருக்கிறது. ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைத் தட்டினால் உரிமையாளரின் சட்டப்படியான பெயரை யாரும் பார்க்கலாம். மிஞ்சுவது பிறந்த தேதி. ஆண்டுதோறும் முச்சந்தியில் பிறந்தநாள் பதாகை எழும்பும் ஊர்களில் அதை ரகசியம் என்று நம்பித்தான் உங்கள் ஒழுங்குமுறைக்குட்பட்ட நிறுவனங்கள் கடன் கொடுக்கின்றன.

ஜிஎஸ்டி விதியைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. வரி வசூலிக்கிறவனின் எண் வெளிப்படையாக இருந்தால்தான் போலி பில்லைக் கண்டுபிடிக்க முடியும். வீட்டு எண்ணைக் கதவில் எழுதிவைப்பது போன்றது அது. அந்த எண்ணைச் சொன்னாலே திறந்துகொள்ளும் பூட்டைச் செய்தவர்தான் திருட்டுக்குப் பதில் சொல்லவேண்டும்.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டையும் இல்லை. 2022 ஏப்ரலில் இந்தி நடிகர் ராஜ்குமார் ராவ், தன் பான் எண்ணைப் பயன்படுத்தி யாரோ 2,500 ரூபாய்க் கடன் வாங்கியதால் கடன் தகுதியைக் காட்டும் தன் சிபில் மதிப்பெண் பாதிக்கப்பட்டிருப்பதாகப் பொதுவெளியில் அறிவித்தார். 2023 மார்ச்சில் டெல்லி காவல்துறை ஒரு கும்பலைக் கைதுசெய்தது. கிரிக்கெட் வீரர் தோனி, நடிகர்கள் அபிஷேக் பச்சன், மாதுரி தீட்சித் உள்ளிட்டோரின் பெயர்களில் கடன் அட்டைகளைப் பெற்று 20 லட்சத்துக்கும் மேல் செலவழித்திருந்த அந்தக் கும்பல், பான் எண்களை எங்கிருந்து எடுத்தது என்று விசாரணையில் வெளிவந்தது. இணையத்தில் கிடைத்த ஜிஎஸ்டி எண்களின் நடுவிலிருந்து எடுத்திருந்தார்கள். பிறந்த தேதிகளைக் கூகுளில் தேடிக்கொண்டார்கள். எந்தக் கணினியையும் அவர்கள் உடைக்கத் தேவைப்படவில்லை. நடிகருக்கு அது நேர்ந்தபோது செய்தியானது. விரைவில் கவனிக்கவும் பட்டது. பெட்டிக்கடைக்காரருக்கும் தையல்காரருக்கும் நேர்வது வசூல் பட்டியலில் ஒரு வரியாக முடிகிறது.

என் விஷயம் வெளிப்பட்ட விதம் சாதாரணமானது. நோட்டுப் புத்தக வியாபாரத்தில் ஆண்டு முழுவதற்குமான வருமானத்தின் பெரும்பங்கு, ஜூனில் பள்ளி திறப்பதை ஒட்டிய சில வாரங்களில் வந்துவிடும். அதற்கான சரக்கை ஏப்ரல், மே மாதங்களிலேயே பணம் கொடுத்து இறக்கவேண்டும். அதற்காக நான் வைத்திருக்கும், கணக்கில் உள்ளதற்கும் மேல் பணம் எடுக்க அனுமதிக்கும் ஓவர்டிராஃப்ட் வரம்பைப் புதுப்பிக்கச் சென்றபோது, என் கடன் மதிப்பெண் சரிந்திருப்பதாகவும் தவணை தவறிய ஒரு தனிநபர் கடன் என் பெயரில் நிற்பதாகவும் கிளை மேலாளர் சொன்னார். பல ஆண்டுகளாக என்னை அறிந்தவர் அவர். நான் சொன்னதை அவர் நம்பினார் என்றே நினைக்கிறேன். ஆனால் அவருடைய நம்பிக்கைக்கு இன்றைய வங்கி முறையில் இடம் கிடையாது, வரம்பு குறைக்கப்பட்டது. கடன் தொகை இருபதாயிரத்துக்கும் குறைவு. அதனால் எனக்கு வராமல் போன சரக்கின் மதிப்பு அதைவிடப் பல மடங்கு.

ஒவ்வொருவரின் கடன் வரலாற்றையும் தொகுத்துவைக்கும் கடன் தகவல் நிறுவனத்திடமிருந்து என் அறிக்கையை எடுத்துப் பார்த்தபோது, என் பெயருக்கும் பான் எண்ணுக்கும் கீழே நான் ஒருபோதும் வைத்திராத ஒரு கைபேசி எண்ணும், நான் போயே இராத ஒரு மாநிலத்தின் முகவரியும் சேர்க்கப்பட்டிருந்தன. ஒருவருடைய கடன் தகவலை யாரேனும் கேட்டுப் பெறும்போது அவருக்குக் குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ தெரிவிக்கவேண்டும் என்று 2023 அக்டோபரில் நீங்கள் உத்தரவிட்டீர்கள். நல்ல உத்தரவு. எனக்கு அப்படி எந்தச் செய்தியும் வரவில்லை. அது எந்த எண்ணுக்குப் போனது என்று கேட்டேன், பதில் இல்லை. திருடியவர் தந்த புதிய எண்ணே அறிக்கையில் ஏறிவிட்ட பிறகு எச்சரிக்கை அவருக்கே போயிருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு எழுவதில் வியப்பில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், கடன் கொடுக்கும்போது என் உண்மையான எண்ணைக் கண்டுபிடிக்க முடியாதவர்கள், தவணை தவறியதும் கண்டுபிடித்துவிட்டார்கள். வசூல் முகவர்கள் என் கடை எண்ணுக்கே அழைத்தார்கள். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்ற உங்கள் 2022 உத்தரவை ஓரளவுக்கு மதித்தார்கள் என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன்.

இதற்குப் பின் நான் சந்தித்த ஒவ்வொருவரும் தத்தம் விதியின்படி சரியாகவே பேசினார்கள். கடன் தகவல் நிறுவனம், கடன் கொடுத்தவர் உறுதிசெய்யாமல் எதையும் தன்னால் மாற்ற இயலாது என்றது. 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் அப்படித்தான் அமைந்திருக்கிறது. கடன் கொடுத்தவர், தன் பதிவேட்டில் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னார். இணையவழிப் பண மோசடிப் புகார்களுக்கான 1930 உதவி எண்ணில், எந்தக் கணக்கிலிருந்து எப்போது எவ்வளவு பணம் போனது என்று கேட்டார்கள். என் கணக்கிலிருந்து ஒரு பைசாவும் போகவில்லை. அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஏற்பாடு, திருடப்பட்ட பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவும்போது வழியில் நிறுத்துவதற்காக உருவாக்கப்பட்டது. அந்த வேலையை அது நன்றாகவே செய்யக்கூடும். பணம் போகாமல் பெயர் மட்டும் போனவருக்கு அதில் நிரப்ப ஒரு கட்டம்கூட இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு அடையாளத் திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஆனால் அது திருடனைப் பிடித்த பிறகு வரும் சட்டம். என் பெயரிலுள்ள பொய்யான பதிவை நீக்குவதற்கு, எங்கோ இருக்கும் ஒருவன் பிடிபடும்வரை நான் ஏன் காத்திருக்கவேண்டும்?

இங்கேதான் உங்கள் சொந்த விதிகளுக்குள் இருக்கும் முரணை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். 2017 ஜூலை 6 அன்று நீங்கள் வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் அனுமதியில்லாமல் அவர் கணக்கிலிருந்து மின்னணு முறையில் பணம் எடுக்கப்பட்டால் என்ன செய்யவேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாத இடத்தில், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. பத்து வேலை நாட்களுக்குள் அந்தத் தொகை அவர் கணக்கில் தற்காலிகமாகவேனும் வரவு வைக்கப்படவேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமை வங்கியினுடையது. இந்தியாவில் எளிய மனிதர்களுக்காக எழுதப்பட்ட நிதி ஒழுங்குமுறைகளில் இதைச் சிறந்த ஒன்றாகவே கருதுகிறேன். என் சேமிப்பிலிருந்து ஒருவன் இருபதாயிரத்தைத் திருடினால் நிரூபிக்கும் சுமை வங்கிக்கு. அதே ஆள் அதே தொகையை என் பெயரில் கடனாக வாங்கினால், அது நான் இல்லை என்று நான் நிரூபிக்கவேண்டும். திருடனுக்கு இரண்டும் ஒரே வேலை; அவன் எந்தக் கதவைத் தேர்ந்தெடுக்கிறான் என்பதைப் பொறுத்து என் உரிமை மாறுகிறது.

நிரூபிப்பது கடினமும் இல்லை, அவர்களுக்கு. மின்வழிக் கடனுக்கான உங்கள் 2022 வழிகாட்டுதல்களும் 2025 மே மாதத்து நெறிமுறைகளும், கடன் தொகை கடன் பெறுபவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாகச் செல்லவேண்டும் என்கின்றன. ஆகவே பணம் சென்ற கணக்கு ஒன்று இருக்கிறது. அது என்னுடையதா, என் பெயரில் வேறொருவர் திறந்ததா, வேறு பெயரிலேயே உள்ளதா என்பதைச் சொன்னால் வழக்கு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பெறுநரின் பெயரைப் பணம் அனுப்புமுன் பார்த்துக்கொள்ளும் வசதியை ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் என்ற வங்கிவழிப் பணப் பரிமாற்றங்களுக்கு 2025 ஏப்ரல் 1க்குள் தரும்படி வங்கிகளுக்கு நீங்களே கூறினீர்கள். வாடகைக்கு விடப்படும் மோசடிக் கணக்குகளைக் கண்டுபிடிக்க ‘மியூல்ஹண்டர்’ என்ற மென்பொருளை உங்கள் புத்தாக்க மையம் உருவாக்கியிருக்கிறது. என் பெயரிலான கடன் போய்ச் சேர்ந்த கணக்கு, நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் அத்தகைய கணக்குகளில் ஒன்றாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அதன் அடையாளத்தை என்னிடம் சொல்ல மறுத்ததற்கு அந்த நிறுவனம் சொன்ன காரணம் தரவுப் பாதுகாப்பு. என் பெயரில் வாங்கப்பட்ட கடனின் விவரத்தை என்னிடமிருந்தே பாதுகாக்கிறார்கள்.

சைபர் பாதுகாப்பு என்ற துறையை நீங்கள் புறக்கணித்தீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. வங்கிகளுக்கு 2016 ஜூனில் ஒரு சைபர் பாதுகாப்புக் கட்டமைப்பைத் தந்தீர்கள். 2024 ஏப்ரல் முதல் தகவல் தொழில்நுட்ப நிர்வாகத்துக்கான விரிவான நெறிமுறைகள் நடப்பில் உள்ளன. சைபர் தாக்குதல் நிகழ்ந்தது தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும் என்று நாட்டின் கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. இவை அனைத்தும் நிறுவனத்தின் வேலியைக் காப்பவை: சர்வரை யாரும் உடைக்கக்கூடாது, கடவுச்சொல்லை யாரும் திருடக்கூடாது, தரவுக் கிடங்கு கசியக்கூடாது. என் விஷயத்தில் எந்த வேலியும் உடைக்கப்படவில்லை. ஒரு விண்ணப்பம் முன்வாசல் வழியாக வந்தது, சரியான எண்கள் அதில் இருந்தன, ஏற்கப்பட்டது. ஆகவே அந்த நிறுவனத்தின் சைபர் பாதுகாப்புப் பதிவேட்டில் என் பெயரே இருக்காது. அவர்கள் கணக்கில் நடந்தது தாக்குதல் இல்லை, வாராக்கடன். அடையாளத் திருட்டைத் தடுப்பதைச் சைபர் பாதுகாப்பிலிருந்து பிரித்து, வாடிக்கையாளரின் விழிப்புணர்வு என்ற தனிப் பெட்டியில் போட்டதன் விளைவு இது. வெளியே கசிந்துபோன தரவு எங்கே பயன்படுகிறதோ அங்கே அதைத் தடுக்காத பாதுகாப்பு, பாதிப் பாதுகாப்பு.

தரவு ஏற்கெனவே வெளியே இருக்கிறது என்பதை என் கடையில் உட்கார்ந்து பார்த்தாலே தெரியும். கடையில் ஒரு ஜெராக்ஸ் இயந்திரமும் கணினியும் உண்டு. ரேஷன் கடைக்கு, பள்ளிச் சேர்க்கைக்கு, சிம் கார்டுக்கு, கேஸ் இணைப்புக்கு என்று நாள் முழுதும் ஆதார் அட்டைகளும் பான் அட்டைகளும் வந்தபடி இருக்கும். பாதிப் பேர் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி அச்செடுக்கச் சொல்கிறார்கள். மாலையில் கடை அடைக்குமுன் அவற்றை அழிப்பது எங்கள் வழக்கம். எல்லாக் கடைகளிலும் அப்படி நடக்கிறது என்று எவராலும் உறுதியளிக்க முடியாது. சரியாக வராமல் கசக்கி எறியப்பட்ட நகல்களின் பின்பக்கம் மிக்சர் மடித்துத் தரப்படுவதையும் பார்த்திருக்கிறேன். 2022 மே மாதத்தில், ஆதார் நகலை எந்த நிறுவனத்துக்கும் கொடுக்காதீர்கள் என்று ஆதார் ஆணையத்தின் பெயரில் ஓர் அறிவிப்பு வந்தது; தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று கூறி ஓரிரு நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. கொடுக்காதே என்பதும், கொடுக்காவிட்டால் வேலை நடக்காது என்பதும் ஒரே நாட்டில் ஒரே வாரத்தில். 2018இல் தெலங்கானாவில், நிலப் பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகைகளிலிருந்து செயற்கை ரேகை செய்து சிம் கார்டுகளை இயக்கவைத்த வழக்கு வெளிவந்தது. கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம். ரேகையையும் பிறந்த தேதியையும் எதைக் கொண்டு மாற்றுவது?

இந்த உண்மையைக் கடினமான வழியில் கற்றுக்கொண்ட நாடு ஒன்று உண்டு. 2017இல் அமெரிக்காவில் ஈக்விஃபாக்ஸ் என்ற கடன் தகவல் நிறுவனத்திலிருந்து சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடப்பட்டன. ‘அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்’ என்ற மென்பொருளிலிருந்த ஓட்டைக்கு அந்த ஆண்டு மார்ச்சிலேயே திருத்தம் வெளியாகியிருந்தும் அது பொருத்தப்படாமல் விடப்பட்டதே காரணம். அதாவது அது அப்பட்டமான சைபர் பாதுகாப்புத் தோல்வி. திருடப்பட்ட எண்களைத் திரும்பப் பெற முடியாது என்று தெரிந்தபின் அந்நாட்டு நாடாளுமன்றம் செய்தது கவனத்துக்குரியது. 2018 செப்டம்பர் 21 முதல், எவரும் தம் கடன் அறிக்கையைக் கட்டணமின்றி முடக்கிவைக்கலாம். இணையத்திலோ தொலைபேசியிலோ கேட்டால் ஒரு வேலை நாளுக்குள் முடக்கவேண்டும். திறக்கச் சொன்னால் ஒரு மணி நேரத்துக்குள் திறக்கவேண்டும். முடக்கப்பட்ட அறிக்கையைப் பார்க்க முடியாத புதிய நிதி நிறுவனம் பெரும்பாலும் கடன் கொடுக்காது. திருடன் கையில் எல்லா எண்களும் இருந்தாலும் பயனில்லை. அடையாளத் திருட்டுக்கு ஆளானவர் உரிய புகார் அறிக்கையுடன் கேட்டால், பொய்யான பதிவுகளை நான்கு வேலை நாட்களுக்குள் மறைக்கவும் அந்நாட்டுச் சட்டம் கட்டளையிடுகிறது. அமெரிக்காவை எல்லாவற்றிலும் முன்மாதிரியாகக் கொள்பவன் அல்ல நான். ஆனால் அதே ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன் குழுமங்களே இங்கும் இயங்குகின்றன. அங்கே ஒரு மணி நேரத்தில் அவர்களால் முடிவது இங்கே முடியாது என்று வாதிட இடமில்லை.

முடக்கும் உரிமை உங்களுக்கும் அந்நியமானதன்று. 2020 ஜனவரியில் நீங்கள் வெளியிட்ட உத்தரவினால்தான் இன்று எவரும் தம் வங்கி அட்டையின் இணையப் பயன்பாட்டையும் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தாமே நிறுத்தவும் திறக்கவும் முடிகிறது. ஆதாரில் ரேகையைப் பூட்டிவைக்கலாம். சந்தேகத்துக்குரிய நடவடிக்கை தெரிந்தால் பங்கு வர்த்தகக் கணக்கை முடக்கும் வசதியைத் தரகர்கள் தரவேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2024இல் விதித்தது. அட்டைக்குப் பூட்டு உண்டு, ரேகைக்குப் பூட்டு உண்டு, பங்குக் கணக்குக்குப் பூட்டு உண்டு. ஒருவர் பெயரில் எவ்வளவு வேண்டுமானாலும் கடன் ஏற்றக்கூடிய இடத்துக்கு மட்டும் சட்டம் தரும் பூட்டு இல்லை. எச்சரிக்கைச் செய்திகளைச் சந்தாக் கட்டணத்துக்கு விற்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை இலவச அறிக்கை என்பது 2017 முதல் நீங்கள் தந்த உரிமை. அது நடந்துமுடிந்த திருட்டைத் தெரிந்துகொள்ள மட்டுமே உதவும்.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளையும் அறிவேன். எளிதில் கடன் கிடைப்பது ஏழைகளுக்கு நல்லது, பூட்டு அதைக் கெடுக்கும் என்பார்கள். பூட்டிக்கொள்ள விரும்புகிறவர் மட்டும் பூட்டிக்கொள்ளட்டும் என்றுதான் கேட்கிறேன். கடன் தேவைப்படும் நாளில் அவரே திறந்துகொள்வார். உண்மையிலேயே கடன் வாங்கி ஏமாற்றுகிறவர்களும் ‘அது நான் இல்லை’ என்று கிளம்பிவிடுவார்கள் என்பது அடுத்த மறுப்பு. அதற்கான விடை மேலே சொன்ன வங்கிக் கணக்கில் இருக்கிறது. பணம் என் கணக்குக்கு வந்திருந்தால் நான் பொறுப்பு. அதைக் காட்ட ஒரு வரி போதும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

எந்த ஒரு குடிமகனும் தம் கடன் அறிக்கையைக் கட்டணமின்றி முடக்கவும் திறக்கவும் உரிமை தாருங்கள். ஓரிடத்தில் விண்ணப்பித்தால் நான்கு நிறுவனங்களிலும் அது செல்லுபடியாகவேண்டும். நால்வருக்கும் தனித்தனியே எழுதி அலைய வைக்கக்கூடாது. ஸ்மார்ட்போன் இல்லாதவர் வங்கிக் கிளையிலோ இ-சேவை மையத்திலோ நேரில் சென்று இதைச் செய்துகொள்ள வழி இருக்கவேண்டும். முடக்கத்தைத் திறப்பதற்குப் பான் எண்ணும் பிறந்த தேதியும் போதும் என்று வைத்தால் முழு ஏற்பாடும் வீண் என்பதை நினைவூட்டத் தேவையில்லை என்று நம்புகிறேன்.

2017 சுற்றறிக்கையின் கோட்பாட்டை, அனுமதியின்றி ஒருவர் பெயரில் உருவாக்கப்பட்ட கடன்களுக்கும் நீட்டுங்கள். நான் வாங்கவில்லை என்று ஒருவர் எழுத்தில் தெரிவித்தால், பணம் சென்ற கணக்கின் வங்கி, கணக்குதாரர் பெயர், கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், ஒப்புதல் பெறப் பயன்பட்ட கைபேசி எண், கடன் விவர அறிக்கை அனுப்பப்பட்ட முகவரி ஆகியவற்றைப் பத்து வேலை நாட்களுக்குள் அவருக்குத் தரவேண்டும். தராவிட்டால் பதிவு நீக்கப்படவேண்டும். அந்த இடைக்காலத்தில் அந்தக் கடன் மதிப்பெண்ணில் சேர்க்கப்படக்கூடாது. வசூல் அழைப்புகளும் நிற்கவேண்டும்.

பான் எண்ணும் பிறந்த தேதியும் பொதுவெளியில் உள்ளவை என்று உங்கள் விதிகளிலேயே எழுதுங்கள். அவை பொருந்துவதை மட்டும் வைத்துச் செய்யும் எதையும் அடையாளச் சரிபார்ப்பு என்று ஏற்காதீர்கள். ஒருவரின் கடன் அறிக்கையில் புதிய கைபேசி எண்ணோ முகவரியோ சேர்க்கப்படுமுன், ஏற்கெனவே நெடுநாளாகப் பதிவிலிருக்கும் எண்ணுக்குத் தகவல் போயாகவேண்டும். மறுப்பதற்கு அவகாசமும் தரப்படவேண்டும்.

புகாரை 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற உங்கள் விதி, காரணம் சொல்லாமல் சீக்கிரம் நிராகரிப்பவரைத் தொடுவதில்லை. நிராகரிப்புக் கடிதத்தில் மேற்சொன்ன சான்றுகள் இணைக்கப்படாவிட்டால் புகார் தீர்க்கப்படாததாகவே கருதப்படவேண்டும். நிராகரிப்பு தவறென்று பின்னர் தெரியவந்தால் புகார் கொடுத்த நாளிலிருந்தே இழப்பீடு கணக்கிடப்படவேண்டும். உங்கள் குறைதீர்ப்பாளரை அணுகுமுன் நிறுவனத்தின் பதிலுக்காக 30 நாட்கள் காத்திருக்கவேண்டும் என்ற நிபந்தனையையும் அடையாளத் திருட்டுப் புகார்களுக்கு மட்டும் தளர்த்துங்கள். எங்களைப் போன்றோருக்கு அந்த 30 நாட்களில் ஒரு பருவமே முடிந்துவிடுகிறது.

கடைசியாக, அடுத்தவர் பெயரில் கொடுக்கப்பட்டதென்று உறுதியான ஒவ்வொரு கடனையும் கொடுத்த நிறுவனத்தின் சைபர் பாதுகாப்புச் சம்பவமாகப் பதியச் செய்யுங்கள். எந்த நிறுவனத்தில் எத்தனை என்று ஆண்டுதோறும் பெயருடன் வெளியிடுங்கள். இந்தக் கோரிக்கைகளின் மீது உங்கள் துறை ஒரு வரைவு நெறிமுறையைத் தயாரித்தால், வழக்கம்போல் அதைப் பொதுமக்கள் கருத்துக்கு வையுங்கள். அதைத் தமிழிலும் மற்ற மாநில மொழிகளிலும் வைத்தால், என் கடையில் நகல் எடுக்க வருகிறவர்களும் கருத்துச் சொல்ல முடியும்.

இப்படிக்கு,
ஒரு காகிதக் கடை உரிமையாளர்